இடது பக்கத்துச் சங்கிலி

என் கடைக்கு வந்து "அக்கா, குரோஷா ரொம்பக் கஷ்டமா?"ன்னு கேட்கிறவங்களை எனக்குப் பிடிக்கும். "நான் யூடியூப்ல எல்லாம் பார்த்துட்டேன், எனக்கே தெரியும்"னு வர்றவங்களைத்தான் பிடிக்காது. தெரியும்னா எதுக்கும்மா நூலைச் சிக்காக்கி, கவர்ல போட்டு எடுத்துக்கிட்டு எங்கிட்ட வந்து நிக்கிறே?

தி.நகர்ல, பாண்டி பஜாருக்குப் பின்னால ஒரு சந்துல எங்க கடை. நூல், லேஸ், பொத்தான், ஊசி விக்கிறோம். முன்னால கல்லாவுல என் வீட்டுக்காரர் வைரவன். உள்ள, நூல் அடுக்குக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு நான். பேரு மீனாட்சி. காரைக்குடிப் பக்கத்துல இருந்து வாக்கப்பட்டு வந்தவ. நூல் வாங்க வர்றவங்க பாதிப் பேர் நூலுக்காக வர்றதில்லை, எங்கிட்ட வழி கேட்கத்தான் வர்றாங்க. இதை நானா சொல்லிக்கிறேன்னு நினைச்சா நினைச்சுக்குங்க. உண்மையைச் சொல்றதுக்கு என்ன வெக்கம்?

மெட்ராஸ் வேர்வைக்குக் கொக்கி வெச்ச குரோஷா ஊசி வழுக்காது, ஒட்டிக்கும். நூல் ஊசியிலே ஏறவே ஏறாது. அதுக்கு உள்ளங்கையில கொஞ்சம் பவுடர், ஊசியிலயும் ஒரு தடவு. அவ்வளவுதான். ஃபேன் காத்துல நூல் உருண்டை கட்டிலுக்கு அடியில ஓடுதா? எவர்சில்வர் தூக்குல போட்டு வை. ஓடாது, தூசி படாது, பஸ்ல கூட எடுத்துட்டுப் போலாம். சுத்து எங்க ஆரம்பிச்சதுன்னு மறந்து போகுதா? தாலிச் செயின்ல கொத்தா ஊக்கு தொங்குதே, அது எதுக்கு இருக்கு? ஒண்ணைக் கழட்டி முதல் கண்ணியில மாட்டு. முடிச்சதும் பொசபொசன்னு தொங்குதா? சாதம் வடிச்ச கஞ்சியில முக்கி, தலகாணி மேல இழுத்துக் குத்திக் காய வை. வெறைப்பா நிக்கும்.

இத்தனையும் நான் சொல்லுவேன். ஆனா செஞ்சு காட்டும்போதுதான் ஒவ்வொருத்தி முகமும் மாறும். "ஐயையோ, அக்கா, நீங்க பீச்சாங்கையா?"

ஆமா. பீச்சாங்கைதான். அதுக்கென்ன இப்போ?

சின்னப் பிள்ளையில என் அம்மா அந்தக் கையை ரிப்பனால பாவாடை நாடாவோட சேர்த்துக் கட்டிடுவா. எழுதுறதை வலது கைக்கு மாத்தினாங்க. சாப்பிடறதை மாத்தினாங்க. கோலம் போடறதை மாத்தினாங்க. கல்யாணமாகிக் கடைக்கு வந்தப்புறம் சில்லறை வாங்குறதும் குடுக்குறதும் வலது கையாலதான்னு மாமனார் சொல்லிட்டார். எல்லாத்துக்கும் சரின்னேன். குரோஷா ஊசியை மட்டும் யாரும் கண்டுக்கலை. அது பொழுதுபோக்குதானேன்னு விட்டுட்டாங்க. அதனால என் இடது கை தனக்குன்னு அது ஒண்ணை வெச்சுக்கிச்சு. இந்த ஏரியாவுல என் அளவு ஒரே சீரா, இறுக்கமும் தளர்வும் இல்லாமப் பின்னுற கை இன்னொண்ணு இருந்தா காட்டுங்க, நான் கடையை மூடிடறேன்.

விஜயலக்ஷ்மி மாமி அப்படி ஒரு நாள் நூலோட வந்து நின்னவங்கதான். மயிலாப்பூர்ல, குளத்துக்குப் பின்னால வீடு. பாட்டு டீச்சர். என் வயசுதான் இருக்கும், ஆனா மயிலாப்பூர்னா மாமின்னுதான் வாயில வருது. எத்தனையோ வீடியோ பார்த்தும் வரலைன்னு சலிச்சுக்கிட்டாங்க.

"பக்கத்துல உக்காராதீங்க மாமி. எனக்கு நேர் எதிர்ல உக்காருங்க"ன்னேன்.

எதிர்ல உக்காந்தாங்க. நான் இடது கையால பின்ன, அவங்க வலது கையால பின்ன, கண்ணாடியைப் பார்த்துத் தலை வாருற மாதிரி அப்படியே கூடவே வந்துட்டாங்க. என் கை எங்க போகுதோ அவங்க கை அங்க போகும். அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஒரு டம்ளர் மூடி பின்னிட்டாங்க. கண்ணியை எண்ணத்தான் தடுமாறினாங்க. "நீங்க பாட்டு டீச்சர், எதுக்கு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுறீங்க? வாயால தாளத்தைச் சொல்லுங்க"ன்னேன். "தகதிமி தகஜணு"ன்னு சொல்லிக்கிட்டே பின்னினாங்க பாருங்க, அதுக்கப்புறம் ஒரு கண்ணி தப்பினதில்லை. இந்த யோசனை எந்த வீடியோவுலயும் கிடையாது. என்னோடது.

அப்படி ஆன சிநேகம். வாரத்துக்கு ஒரு தடவையாவது நான் அங்கே போவேன், இல்லைன்னா அவங்க இங்கே வருவாங்க. அவங்க ஃபில்டர் காபிக்கு நான் அடிமை. அதை அவங்ககிட்ட சொன்னதில்லை, சொன்னா தலைக்கனம் வந்துடும்.

அவங்க பொண்ணு ஹம்சினிக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. அவளுக்குத் தரமணியில ஐ.டி. வேலை. அவ ஒரு ஆசை சொன்னா. அவங்க கல்யாணத்துல பொண்ணையும் மாப்பிள்ளையையும் ஊஞ்சல்ல உக்கார வெச்சு ஆட்டிப் பாட்டுப் பாடுவாங்க. அந்த ஊஞ்சல் சங்கிலியில பூ சுத்துறதுதான் வழக்கம். "பூ மத்தியானத்துக்குள்ள வாடிடும் ஆன்ட்டி. முன்னால தெரியற ரெண்டு சங்கிலிக்கும் குரோஷாவுல உறை பண்ணித் தாங்கோ. பச்சைக் கொடி ஒண்ணு சங்கிலியைச் சுத்திண்டு மேல ஏறணும். கல்யாணத்துக்கு அப்புறம் திருவான்மியூர்ல என் வீட்டு ஊஞ்சல்ல மாட்டிப்பேன்"ன்னா.

"உங்கம்மா ஒரு சங்கிலி, நான் ஒரு சங்கிலி"ன்னேன். அப்பவே நூலெல்லாம் எடுத்து வெச்சுட்டேன். பால்வெள்ளைக் காட்டன், நடுவுல இளம்பச்சை. நீளமா குழாய் மாதிரி, சுத்திச் சுத்திப் பின்னணும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. கொடியைச் சுத்தி ஏற விடறதுக்கு நாம ஒண்ணும் மெனக்கெட வேண்டாம். பச்சைக்கு மேல பச்சை, வெள்ளைக்கு மேல வெள்ளைன்னு போட்டுக்கிட்டே வந்தா போதும். குரோஷா கண்ணி நேரா நிக்காது, ஒரு பக்கமா லேசாச் சாயும். அந்தச் சாய்வு சேர்ந்து சேர்ந்து கொடி தானாவே சுத்திக்கிட்டு ஏறிடும்.

மயிலாப்பூர் வீட்டுக் கூடத்துல நானும் மாமியும் எதிர் எதிரா உக்காந்து ஆரம்பிச்சோம். ஒரு சாண் கூட ஏறியிருக்காது, காமாக்ஷி மாமி உள்ளே வந்தாங்க. மாமியோட நாத்தனார், ஹம்சினிக்கு அத்தை. திருவல்லிக்கேணியில இருந்து கல்யாண வேலைக்குன்னு வந்திருந்தாங்க. நல்ல மனுஷிதான், கையில வேலையும் உண்டு, பள்ளிக்கூடத்துலயே குரோஷா கத்துக்கிட்டவங்க. ஆனா அவங்க கண்ணு நேரா என் கையிலதான் விழுந்துச்சு.

"இதென்ன, இடது கையாலயா பின்றா?"

"அவளுக்கு அந்தக் கைதான் அக்கா"ன்னாங்க விஜயலக்ஷ்மி மாமி.

"மத்ததுக்கெல்லாம் எப்படியோ பண்ணிக்கட்டும். இது ஊஞ்சலுக்குன்னா? பொண்ணும் மாப்பிள்ளையும் உக்காரப் போறா. மங்கள காரியத்துல இடது கை என்னத்துக்கு? தப்பா எடுத்துக்காதேம்மா மீனாட்சி. அந்தச் சங்கிலியை நான் பண்றேன். நீ பக்கத்துல இருந்து ஐடியா சொல்லு, போறும்."

நான் விஜயலக்ஷ்மி மாமியைப் பார்த்தேன். அவங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வரும்னு பார்த்தேன். அவங்க கையில இருந்த ஊசியையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் "காபி கலக்கறேன்"னு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

காமாக்ஷி மாமி சொன்னது கூடப் பெரிசில்லை, அப்படிச் சொல்றவங்களைப் பிறந்ததுல இருந்து பார்த்துட்டேன். இந்தக் கையைப் பார்த்துத்தானே விஜயலக்ஷ்மி மாமி கத்துக்கிட்டாங்க? இந்தக் கை எதிர்ல இருந்ததாலதானே ஒரே நாள்ல வந்துச்சு? அவங்க போய்க் காபி கலக்குறாங்களாம். அந்தக் காபியைக் குடிக்காமலே எந்திரிச்சு வந்துட்டேன். பின்னின ஒரு சாணையும் சுருட்டிப் பையில போட்டுக்கிட்டேன்.

எனக்குப் பதில் எப்பவும் பஸ் ஏறினப்புறம்தான் வரும். அன்னிக்கும் லஸ் கார்னர் தாண்டும்போது வந்துச்சு. சுருக்குன்னு ஒரு பதில். பஸ்ஸை நிறுத்தி இறங்கிப் போய்ச் சொல்லிட்டு வரலாமான்னு கூட இருந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

கடைக்கு வந்து அந்த ஒரு சாணை வெளியில எடுத்தேன். மேல பின்ன ஆரம்பிச்சேன். மத்தியான நேரம், கடையில ஈ ஆடலை. வைரவன் கல்லாவுல இருந்து திரும்பிப் பார்த்தார்.

"அதான் வேண்டாம்னுட்டாங்களே, யார் ஊஞ்சலுக்கு இது?"

"என் ஊஞ்சலுக்கு."

"நம்ம வீட்டுல ஊஞ்சல் இல்லையே மீனா."

"அப்ப வாங்குங்க."

என்னோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்துறவருக்கு எப்ப நிறுத்தணும்னு கூடவா தெரியாது? ஒரு பாட்டில் தண்ணி மட்டும் கொண்டாந்து பக்கத்துல வெச்சுட்டுப் போனார்.

போகக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா ஹம்சினி ஃபோன் பண்ணிட்டே இருந்தா. "அத்தைக்கு விரல் வலிக்கறதாம் ஆன்ட்டி, ஊசி கையை வெட்டறதாம்." சின்னப் பிள்ளைங்க பென்சில்ல மாட்டுற ரப்பர் குழாயை ஊசியில மாட்டிக்கச் சொன்னேன். "அம்மா பிரிச்சுட்டு முதல்லேர்ந்து போடறா, ஆரம்பம் இறுகிப் போயிடறது." முதல் சுத்துக்கு மட்டும் ஒரு சைஸ் பெரிய ஊசியில ஆரம்பிக்கச் சொன்னேன். "நடுவுல எழுந்துண்டா பிரிஞ்சுடறது." கடைசிக் கண்ணியில ஒரு ஊக்கைப் போட்டுட்டு எந்திரிக்கச் சொன்னேன். கோவம் கோவம்தான். ஆனா என் கடை நூல்ல ஒரு வேலை கோணலாப் போறதை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. அது என் மானப் பிரச்சினை.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால ஹம்சினி மறுபடியும் கூப்பிட்டா. ரெண்டு உறையும் முடிஞ்சுடுச்சாம், வீட்டு ஊஞ்சல்ல மாட்டிப் பார்க்கிறாங்களாம், நான் வந்தே ஆகணுமாம். "நீங்க வரலைன்னா நான் ஊஞ்சல்லயே உக்கார மாட்டேன்"ன்னா. கல்யாணப் பொண்ணு வாயில அப்படியெல்லாம் வரலாமா? போனேன்.

கூடத்துல நல்ல கனமான தேக்குப் பலகை, பித்தளைச் சங்கிலி. முன்னால ரெண்டு சங்கிலியிலயும் உறை மாட்டியிருந்தாங்க. தனித்தனியாப் பார்த்தா குறை சொல்ல முடியாது. காமாக்ஷி மாமி வேலை சுத்தம். என் மாணவி வேலையும் சுத்தம், சும்மாவா. ஹம்சினி நடுவுல உக்காந்தா. எதிர்ல நின்னு பார்த்தவங்க எல்லாரும் தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சாங்க.

"என்னமோ பண்றதே"ன்னாங்க விஜயலக்ஷ்மி மாமி. "பலகை ஒரு பக்கமா சாஞ்சிருக்கோ?"

பலகை சாயலை. ரெண்டு கொடியும் ஒரே பக்கமாச் சுத்திக்கிட்டு ஏறுச்சு. ஒரு சங்கிலியில கொடி பொண்ணு பக்கமா வளைஞ்சு வருது, இன்னொரு சங்கிலியில பொண்ணை விட்டு வெளியில ஓடுது. வாசல் நிலையில ரெண்டு பக்கமும் ஒரே யானை ஒரே பக்கம் பார்த்துக்கிட்டு நின்னா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு. பார்க்கிறவங்க கண்ணை ஒரே பக்கமா இழுத்துக்கிட்டுப் போகுது. ஃபோன்ல எடுத்துக் காட்டின போட்டோவைப் பார்த்ததும் ஹம்சினி முகம் விழுந்து போச்சு.

"தலைகீழா மாட்டிப் பார்ப்போம்"னாங்க காமாக்ஷி மாமி. ஒண்ணைக் கழட்டித் தலைகீழா மாட்டினாங்க. மறுபடியும் அதே பக்கம்தான் சுத்துது. கொடியைத் தலைகீழாப் பிடிச்சா அது சுத்துற பக்கம் மாறாது. எனக்குத் தெரியும். சொல்லலை.

"உள்பக்கத்தை வெளியில திருப்பினா?"ன்னாங்க. காலுறையைத் திருப்புற மாதிரித் திருப்பினாங்க. இப்போ பக்கம் மாறிடுச்சு, ஆனா பின்னலோட முதுகு வெளியில வந்துடுச்சு. பல்லு பல்லா, நடுவுல மறைச்சுக் கொண்டு போன பச்சை நூல் அங்கங்க எட்டிப் பார்க்குது. பார்க்கச் சகிக்கலை. ஒவ்வொரு சுத்துலயும் பச்சையை ரெண்டு கண்ணி தள்ளிப் போட்டுப் பார்க்கலாம்னு ஓரமா ஒரு துண்டு பின்னிப் பார்த்தாங்க. கொடி வரலை, படிக்கட்டு வந்துச்சு.

காமாக்ஷி மாமி வேர்த்துக் கொட்டிப் போய் நின்னாங்க. வலது கையால யார் பின்னினாலும் கண்ணி அந்தப் பக்கம்தான் சாயும். அவங்க பின்னினாலும், விஜயலக்ஷ்மி மாமி பின்னினாலும், ஊர்ல இருக்கிற வலது கை எல்லாம் சேர்ந்து பின்னினாலும் அதே பக்கம்தான். மங்கள காரியம்னு பார்த்துப் பார்த்து ரெண்டையும் வலது கையாலயே பண்ணினதுல வந்த வினை.

ஹம்சினி என்னைப் பார்த்தா. "ஆன்ட்டி, உங்களுக்குத் தெரியும்தானே இதுக்கு வழி?"

"தெரியும்"னேன். "ஆனா அது என் வலது கைக்குத் தெரியாது."

சொல்லிட்டுச் செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டேன். இந்தத் தடவை பதில் பஸ்ஸுக்கு முன்னாலயே வந்துடுச்சு, அதுல எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். ஆனா பஸ்ல வரும்போது மனசு கேட்கலை. ஹம்சினி முகமே கண்ணு முன்னால நின்னுச்சு. என் உறை கடையில, லேஸ் அட்டைப் பெட்டிக்குள்ள, முக்காவாசி முடிஞ்சு கிடக்கு. கொண்டு போய்க் குடுத்துடலாம். குடுத்தா என்ன சொல்லுவாங்க? "யார் பண்ணினான்னு யாரும் கேட்கப் போறதில்லை"ன்னு நைசா மாட்டிடுவாங்க. பாவாடை நாடாவுல கட்டின கை மாதிரி மறுபடியும் மறைச்சுடுவாங்க. அதுக்கு அது பெட்டிக்குள்ளயே கிடக்கட்டும். மாட்டுறதுன்னா தெரிஞ்சு மாட்டணும். இல்லைன்னா வேண்டவே வேண்டாம்.

மறுநாள் கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கிட்டு இருக்கேன், வாசல்ல ஆட்டோ வந்து நின்னுச்சு. காமாக்ஷி மாமி இறங்கினாங்க. பின்னால விஜயலக்ஷ்மி மாமி. தி.நகர் கூட்டத்துல, அந்தச் சந்துக்குள்ள, மடிசார்க்காரங்க ரெண்டு பேர் தேடி வர்றதைப் பார்த்து வைரவனே கல்லாவை விட்டு எந்திரிச்சுட்டார்.

"வாங்க"ன்னேன். ஸ்டூலைப் போட்டேன். வந்தவங்களை நிக்க வெக்கிறதெல்லாம் எங்க பழக்கமில்லை.

காமாக்ஷி மாமி உக்காரலை. "ஹம்சினி சாப்பிடலை நேத்து"ன்னாங்க. "பூவே சுத்திடலாம்னு சொல்றா. ஆனா முகம் நன்னா இல்லை. உனக்கு வழி தெரியும்னு சொன்னியே."

நான் அட்டைப் பெட்டியைத் திறந்து என் உறையை எடுத்து மேசை மேல நீட்டிப் போட்டேன். அவங்க கையில அவங்க பின்னினது இருந்துச்சு. அதை எடுத்துப் பக்கத்துல வெச்சாங்க. வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்துச்சு, பச்சையும் பச்சையும் ஒண்ணை ஒண்ணு பார்த்து வளைஞ்சு நின்னுச்சு. அட்டகாசம். என் வேலையைப் பார்த்து எனக்கே மெய் சிலிர்த்துச்சுன்னா பார்த்துக்குங்க.

அவங்க கண்ணாடியை மூக்கு மேல தள்ளிக்கிட்டு, கண்ணி கண்ணியாத் தடவிப் பார்த்தாங்க. தப்பு கண்டுபிடிக்கத்தான் பார்க்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். பார்க்கட்டும்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"ரெண்டும் ஒரே கை பின்னின மாதிரி இருக்கு"ன்னாங்க கடைசியில.

"ஒரே கை இல்லை மாமி. இது இடது கை"ன்னேன். "முழுசா முடிச்சுக் குடுக்கிறேன், எடுத்துட்டுப் போங்க. ஆனா யார் பண்ணினதுன்னு மறைச்சு மாட்டுறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, பிரிச்சு நூலைச் சுத்தி வெச்சுடறேன். ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். ஹம்சினிக்குக் காப்பு எந்தக் கையில கட்டப் போறீங்க?"

பொண்ணுக்குக் காப்பு இடது கையிலதான் கட்டுவாங்க. மாப்பிள்ளைக்குத்தான் வலது. அத்தைக்காரிக்கு அது தெரியாதா என்ன?

"மந்திரம் சொல்லிக் கட்டற காப்பையே தாங்கற கை, ஒரு நூலைத் தாங்காதா?"ன்னேன். லஸ் தாண்டும்போது வந்த பதில் இதுதான். ஒரு வார்த்தை குறையாம அப்படியே சொல்லிட்டேன்.

அப்புறம் விஜயலக்ஷ்மி மாமி பக்கம் திரும்பினேன். அவங்ககிட்டதான் எனக்குக் கணக்குத் தீரணும். "அவங்க சொன்னது எனக்கு வலிக்கலை மாமி. நீங்க பேசாம உள்ள போனீங்களே, அதுதான் வலிச்சுது. இந்தக் கைக்கு எதிர்ல உக்காந்துதானே நீங்க கத்துக்கிட்டீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

மாமிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "சொல்லியிருக்கணும். வாய் வரலை. தப்புதான் மீனாட்சி"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எந்தக் கையைன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

காமாக்ஷி மாமி பையில இருந்து வெத்தலை பாக்கு, பழம், மஞ்சள் எல்லாம் எடுத்து ஒரு தட்டு கேட்டாங்க. வைரவன் ஓடிப் போய்ப் பொத்தான் கொட்டி வைக்கிற தட்டைத் துடைச்சுக் கொண்டு வந்தார். அதுல எல்லாத்தையும் வெச்சு நீட்டினாங்க. கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி, முறையா.

"நீயே முடிச்சுக் கொடு. உன் கையால"ன்னாங்க. "நான் அன்னிக்குச் சொன்னதை மனசுல வெச்சுக்காதே."

"வெச்சுக்குவேன்"னேன். "ஆனா கல்யாணத்துக்கு வருவேன்."

அவங்களுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ரெண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கிக்கிட்டேன்.

கல்யாண மண்டபத்துல ஊஞ்சலைப் பார்த்துட்டு வந்தவங்க எல்லாரும் அங்கேயே நின்னுட்டாங்க. கஞ்சி போட்டு வெறைப்பா நிறுத்தியிருந்தேன், ஓரமெல்லாம் குட்டி குட்டியா ரோஸ் பூ வெச்சுத் தைச்சிருந்தேன். ரெண்டு கொடியும் ரெண்டு பக்கத்துல இருந்தும் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்து வளைஞ்சு வளைஞ்சு ஏறுச்சு. ஹம்சினி என் சங்கிலி இருந்த பக்கமா உக்காந்தா. நாதஸ்வரம் நின்னுச்சு, பாட்டு ஆரம்பிச்சாங்க. விஜயலக்ஷ்மி மாமி குரல்தான் மேல நின்னுச்சு. பாலும் பழமும் குடுத்தாங்க, திருஷ்டிக்குக் கலர் சாத உருண்டையைச் சுத்திச் சுத்தி நாலு பக்கமும் எறிஞ்சாங்க. நான் பட்டுப் புடவையைச் சரி பண்ணிக்கிட்டு, கூட்டத்துக்குப் பின்னால ஒரு தூண் ஓரமா நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்.

போட்டோக்காரப் பையன் படபடன்னு எடுத்துக்கிட்டு இருந்தான். ஹம்சினி இடது கையால சங்கிலியைப் பிடிச்சிருந்தா.

"மேடம், அந்தக் கைய எடுத்து மடியில வச்சுக்கங்க. ரைட் ஹேண்ட குறுக்கால கொண்டாந்து புடிங்க. லெஃப்ட்டு வேணாம், ரைட்டுல இருக்கிற ரிங்கு தெரில"ன்னான்.

ஹம்சினி கையை எடுக்கப் போனா.

"எடுக்காதே!"

பாட்டே ஒரு நொடி நின்னு போச்சு. காமாக்ஷி மாமி பால் கிண்ணத்தைக் கீழே வெச்சுட்டு முன்னால வந்து நின்னாங்க.

"காப்புக் கட்டின கை அது. அது அங்கேயேதான் இருக்கும். அந்தச் சங்கிலியைப் பின்னினதும் இடது கைதான். அந்தக் கையோட சேர்த்து எடுங்கோ. மோதிரம் தெரியலைன்னா போகட்டும்."

"யார் பின்னினா?"ன்னு கூட்டத்துல ஒரு குரல் கேட்டுச்சு.

காமாக்ஷி மாமி திரும்பி, தலைகளுக்கு மேல எட்டிப் பார்த்து என்னைத் தேடினாங்க. "மீனாட்சி! தூணுக்குப் பின்னால என்ன ஒளிஞ்சிண்டு? முன்னால வா. வந்து உன் கையைக் காட்டு எல்லாருக்கும்."

எனக்கு அழுகை வந்துடுச்சு. அதை வேற எப்படிச் சொல்றது? கால் தானா நடந்துச்சு, கூட்டம் வழி விட்டுச்சு. பழக்க தோஷம், வலது கைதான் முதல்ல மேல வந்துச்சு.

"அது இல்லைடி"ன்னாங்க காமாக்ஷி மாமி.

இடது கையைத் தூக்கினேன். மண்டபம் முழுக்கப் பார்க்கிற மாதிரி, நல்லா உசரத் தூக்கினேன். போட்டோக்காரப் பையன் ஊஞ்சலை விட்டுட்டு என் பக்கம் கேமராவைத் திருப்பினான். எடுத்து முடிச்சு, "போதும்க்கா, இறக்கிக்கங்க"ன்னான்.

நான் இறக்கலை.